மாத்திப் பாப்போம் சார்!

ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுபோகும் கார் ஒன்று திருவனந்தபுரத்தில், கரமனையில், என் அப்பாவிடம் இருக்கிறது. 1998 மாடல் மாருதி 800. ஆர்.சி. புக்கில் வெள்ளை என்று போட்டிருக்கும். நேரில் பார்த்தால் பழைய வேட்டி நிறம். நான் இருப்பது கத்தாரில், ராஸ் லஃபான் பக்கம், ஒரு எரிவாயு ஆலையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் எஞ்சினியர். நடுவில் அரபிக்கடல். 2025 ஆகஸ்டில் இந்தக் கார் விஷயமாக எனக்கு வந்த போன்களின் எண்ணிக்கை, என் கல்யாணம் நிச்சயமானபோது வந்ததைவிட அதிகம்.

இந்தப் பதிவு கார் ரிப்பேர் குறிப்பு அல்ல. கோபத்தில் எழுதுவது. யார் மேல் கோபம் என்றால், ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. மெக்கானிக்குகள், வாட்ஸப் மாமாக்கள், பெட்ரோலியம் அமைச்சகம், கடைசியில் நானும் அப்பாவும். பொறுமையாக வாருங்கள்.

முதலில் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். கரமனையிலிருந்து கிள்ளிப்பாலம், கிழக்கேகோட்டை என்று நெரிசலில் ஊர்ந்து போகிறவரை வண்டி தங்கமாக ஓடும். ஈஞ்சக்கல்லில் பைபாஸ் ஏறி, சாக்கை தாண்டி, ஆக்குளம் பக்கம் போகும்போது நின்றுவிடும். தங்கச்சி வீடு கழக்கூட்டத்தில். அதனால் அப்பாவும் அம்மாவும் வாரம் ஒருமுறையாவது அந்த வழியில் போயாக வேண்டும். ஓரம் கட்டி, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். வீடுவரை ஓடும். அடுத்த வாரம் அதே இடம், அதே கதை.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கிறவர்கள் என்.எச். 66-ல் பின்னால் ஒரு டாரஸ் லாரி வரும்போது என்ஜின் இல்லாமல் உருண்டு பார்த்திருக்க மாட்டார்கள். அப்பாவுக்கு 76 வயசு. பிரேக் பூஸ்டர் உள்ள கார்களில் என்ஜின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பழைய மென்மை இருக்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள கார் என்றால் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். பதற்றத்தில் சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், கதை முடிந்தது. (உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கடைசி விஷயத்தை மட்டுமாவது சொல்லி வையுங்கள். வண்டி முழுசாக நிற்கும்வரை சாவியை உருவக்கூடாது. ஹஸார்ட் லைட்டைப் போட்டுவிட்டு, உருளும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வந்துவிட வேண்டும்.)

சரி, வைத்தியர்கள் கதைக்கு வருவோம். யார் பேரையும் சொல்லப்போவதில்லை. இது ஒரு வர்க்‌ஷாப்பின் குணம் அல்ல, ஊர் குணம்.

முதலாமவர் ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றினார். 800-க்கு மூன்று சிலிண்டர்தான் என்பதால் மூன்றோடு தப்பித்தோம். அடுத்த வாரம் ஆக்குளத்தில் வண்டி நின்றது. இரண்டாமவர் "சாரே, கோயில் மாற்றி நோக்காம்" என்றார். இக்னிஷன் காயிலை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நாகர்கோவில்காரரான அப்பா, ஏ.ஜி. ஆபீஸில் 33 வருஷம் வேலை பார்த்து மலையாளத்திலேயே கனவு காண்கிறவர், ஒரு நிமிஷம் குழம்பிப்போனார். "கோயில மாத்துனா மட்டும் சரியாயிருமாலே" என்று எனக்கு போன். கோயில் மாறியது, வண்டி நின்றது. மூன்றாமவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி கிட் போட்டார், புது பெட்ரோல் பம்ப்பும் மாட்டினார். அதற்கப்புறம் வண்டி முன்னைவிட சீக்கிரமாக, சாக்கையிலேயே நிற்க ஆரம்பித்தது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நான்காமவர் பானெட்டைக்கூட தூக்கவில்லை. "சாரே, இது எத்தனால் தன்னே. விற்று களயணம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மொத்தச் செலவு 13,800 ரூபாய். நான்கு பேரும் கெட்டவர்கள் அல்ல, திருடர்களும் அல்ல. ஆனால் நான்கு பேரில் ஒருவர்கூட அப்பாவிடம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. 'எப்படி நின்றது?'

என் ஆலையில் ஒரு கம்ப்ரஸர் திடீரென்று நின்றால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நின்ற நொடியில் ஐம்பது அலாரம் அடிக்கும். எண்ணெய் அழுத்தம் குறைவு, வேகம் குறைவு, வெப்பம் அதிகம் என்று திரை முழுக்க சிவப்பு. அந்த ஐம்பதில் நாற்பத்தொன்பது, நின்றதால் வந்தவை. நிற்பதற்குக் காரணமானது ஒன்றுதான். எது முதலில் வந்தது என்று பதிவு செய்வதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு, ஃபர்ஸ்ட் அவுட் என்போம். அது தெரியாமல் மறுபடி ஸ்டார்ட் செய்ய எவனுக்கும் தைரியம் வராது. வந்தால் மறுநாள் ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பல கோடி ரூபாய் மெஷின் என்பதால் அந்த மரியாதை. எழுபத்தாறு வயசு மனுஷரும் எழுபது வயசு அம்மாவும் உட்கார்ந்து போகிற 800-க்கு அந்த மரியாதை கிடையாது. அங்கே 'மாத்திப் பாப்போம் சார்'.

ஓடும்போது நிற்கிற பெட்ரோல் என்ஜினுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இல்லாமல் போயிருக்கும். பெட்ரோல், அல்லது நெருப்புப் பொறி. எது போனது என்பதை வண்டியே சொல்லும். ஸ்விட்சை அணைத்த மாதிரி சட்டென்று செத்தால் பெரும்பாலும் பொறி பக்கம், அதாவது காயில், இக்னிஷன் ஸ்விட்ச், தளர்ந்த ஒயர், எர்த். இருமி, இழுத்து, குலுக்கி, மிதித்தாலும் எடுக்காமல் மெதுவாகச் செத்தால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். இது நூற்றுக்கு நூறு விதி அல்ல, ஆனால் முதல் கதவு எது என்று காட்டிவிடும். இதைக் கேட்க பத்து பைசா செலவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. அப்பாவைக் கேட்டேன். "அப்பா, நிக்கதுக்கு முன்னாடி என்ன செஞ்சுது? சட்டுன்னு நின்னுதா?"

"இல்லலே மக்கா. அது பாட்டுக்கு ஓடிட்டு வந்துது. பொறவு இழுவை கொறஞ்சுது. மிதிச்சேன், எடுக்கல. ரெண்டு மூணு குலுக்கு குலுக்கிட்டு நின்னு போச்சு. நான் இத எல்லாருட்டயும் சொன்னேனே, எவனும் காதுல வாங்கல."

கேட்டீர்களா? நோயாளி நோயைச் சொல்லிவிட்டார். காயில் மாற்றிய 2,200 ரூபாய் அந்த ஒரு வாக்கியத்தில் மிச்சமாகியிருக்கும். காயில் சந்தேகம் மடத்தனமானது என்று சொல்ல வரவில்லை. சூடானால் அறுந்து, ஆறினால் சேர்ந்துகொள்ளும் காயில்கள் நிஜமாகவே உண்டு, கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆவதும் அதற்குப் பொருந்தும். ஆனால் சாவும் விதம் பொருந்தவில்லை. பாதி பொருந்துகிற சந்தேகத்துக்கு முழுக் காசு வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

இனி வாட்ஸப் மாமாக்கள். குடும்ப குரூப்பில் மூன்று கட்சி. ஒரு கட்சி 'வேப்பர் லாக்' என்றது, வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது. பழைய ஃபியட், அம்பாசடர் காலத்து அனுபவசாலிகள், பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு வண்டி ஓட்டியவர்கள். ஆனால் வேப்பர் லாக் எங்கே வரும்? நெரிசலில் என்ஜின் வெந்து, காற்றோட்டம் இல்லாமல் நிற்கும்போது. இந்த வண்டி கிழக்கேகோட்டை நெரிசலில் ஒருநாளும் நின்றதில்லை. கடல்காற்று அடிக்கிற திறந்த பைபாஸில், அறுபதில் போகும்போதுதான் நிற்கிறது. ஆவி என்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இரண்டாவது கட்சி, 'இ20 சதி'. மூன்றாவது கட்சி, 'பழைய காரை வைத்துக்கொண்டு ஏன் நாட்டு முன்னேற்றத்தைக் குறை சொல்கிறாய்'. இந்த இரண்டு கட்சியும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்ட வேகத்தில், அப்பா வழியில் நிற்கிறார் என்பதே மறந்துபோனது.

இ20 பற்றித் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் பிரதமர் தொடங்கி வைத்தார். 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை 2025-க்கு முன்னால் இழுத்தார்கள், 2025-ல் எட்டியும் விட்டார்கள். எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமும் உண்டு. எல்லை மீறி நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்க்கின் அடியில் போய் உட்காரும். மாதக்கணக்கில் பாதி டேங்க்கோடு நிற்கும் வண்டிக்கு, அதுவும் நம்ம ஊர் மழைக்காலத்தில், அது நல்லதல்ல. பழைய ரப்பர் சிலவற்றை ஊதவும் இளக்கவும் செய்யும்.

இன்னொன்று, கார்புரேட்டர் வண்டிக்கே உரியது. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். புது கார்களில் சைலன்ஸர் வழியில் ஒரு சென்சார் உட்கார்ந்து மோப்பம் பிடித்து, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. 1998-ல் துளையிட்ட ஜெட் 1998-ன் பெட்ரோலுக்குத்தான். இ20 போட்டால் கலவை மெலியும், இழுவை குறையும், காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். ஆனால் இருபது நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு, பைபாஸில் மட்டும் சாகாது. ஆக, இ20 சந்தேகப் பட்டியலில் இருக்கலாம். சந்தேகப் பட்டியலில் இருப்பவனை நேரே தூக்கில் போடுவதற்குப் பேர் விசாரணையா?

நான்காமவர் மேல் என் கோபம் இதுதான். எத்தனால் என்று சொன்னதற்கு அல்ல. பானெட்டைத் தூக்காமல் சொன்னதற்கு. 'எத்தனால்' இப்போது அவர்களுக்குக் கிடைத்த புது வசதி. முன்பு 'சாரே, வண்டிக்கு வயசாச்சு' என்பார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்று: எனக்குத் தேட நேரமில்லை.

அமைச்சகம் மட்டும் யோக்கியமா? 2025 ஆகஸ்டில் அவர்கள் விட்ட விளக்கத்தைப் படித்தேன். பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது என்று ஆரம்பித்து, கொஞ்சம் கீழே, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம், அது மலிவான வேலைதான் என்று போகிற போக்கில் ஒப்புக்கொள்கிறார்கள். மலிவுதான் அய்யா. ஆனால் எந்த வண்டியில், எந்த ரப்பர்? அதைக் கண்டுபிடிக்கிற செலவு யார் தலையில்? என் அப்பாவுக்கு அந்த மலிவான வேலைக்குப் போய்ச் சேர நான்கு வர்க்‌ஷாப்பும் பதிமூன்றாயிரமும் ஆயிற்று.

இதைவிட எரிச்சல், நிதி ஆயோக்கின் 2021 வரைபடத்தில் இருந்த ஒரு நல்ல யோசனை. இ20 வந்த பிறகும் பழைய வண்டிகளுக்குப் பாதுகாப்பு எரிபொருளாக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த அறிக்கையிலிருந்து இலக்கை மட்டும் உருவிக்கொண்டு, பாதுகாப்பை விட்டுவிட்டார்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலும் வாங்கக் கிடைக்க வேண்டும், பங்க்கில் எவ்வளவு கலப்பு என்று தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்டுப் போன பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது.

பிரேசிலைப் பார் என்பார்கள். பார்த்தேன். 2003-லிருந்தே எந்தக் கலவையிலும் ஓடுகிற ஃப்ளெக்ஸ் கார்களை விற்று, பல வருஷம் கழித்து 2025 ஆகஸ்டில்தான் முப்பது சதவீதத்துக்குப் போனார்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் வெறும் பத்து சதவீதத்துக்குப் போனபோதே, பழைய கார்களுக்காக ஐந்து சதவீத பெட்ரோலை சூப்பர் ரகத்தில் விட்டுவைத்தார்கள், உன் காருக்கு ஒத்துவருமா என்று பார்க்க அரசே ஒரு இணையப் பக்கம் வைத்தது. கரும்பு விவசாயிக்குக் காசு போவதிலும் கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதிலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எரிவாயு ஆலையில் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறேன், நம்புங்கள். ஆனால் மருந்தை மாற்றுகிற டாக்டர், பக்கவிளைவைச் சொல்லாமல் மாற்றினால் அதை சேவை என்று சொல்ல மாட்டோம்.

சரி, ஆக்குளத்துக்குத் திரும்புவோம். அடுத்த முறை தங்கச்சி வீட்டுக்காரரும் கூடப் போனார். நான் சொல்லி வைத்திருந்தேன்: வண்டி நின்றால் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக்கூடாது. நின்ற நிலை ஒரு சாட்சி. ஸ்டார்ட் செய்தால் சாட்சி ஓடிப்போய்விடும்.

நின்றது. வீடியோ கால் வந்தது. முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னேன். மூடியிலோ குழாயிலோ காற்றுவழி அடைத்திருந்தால் டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும், திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும். சத்தமில்லை. ஒரு சந்தேகம் ஒழிந்தது. அடுத்து பானெட். பல வருஷம் முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபில்டரை மாட்டியிருந்தார். அதைக் காட்டச் சொன்னேன். டேங்க்கில் பதினைந்து லிட்டர் இருக்க, ஃபில்டர் காலி! அடியில் ஒரு சொட்டு, கூடவே கறுப்பாகப் பொடி.

கார்புரேட்டரும் பம்ப்பும் நிரபராதி, காயில் நிரபராதி, பிளக் நிரபராதி. பெட்ரோல் ஃபில்டருக்கே வந்து சேரவில்லை. டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் இடையில்தான் குற்றவாளி.

இப்போது புது பம்ப் விஷயத்துக்கு வாருங்கள். கார்புரேட்டர் 800-ல் பம்ப் என்ஜின் மேலேயே இருக்கிறது, பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. தள்ளுகிற குழாயில் ஓட்டை இருந்தால் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற குழாயில் கோளாறு என்றால் ஒழுகாது, உள்ளுக்குள் சப்பிக்கொள்ளும். இளநீரை மெலிந்த ஸ்டிராவில் பலமாக உறிஞ்சிப் பாருங்கள், ஸ்டிரா ஒட்டிக்கொள்ளும். மெதுவாக உறிஞ்சினால் வரும். நெரிசலில் ஊரும்போது என்ஜினுக்கு வேண்டியது கொஞ்சம். பைபாஸில் அறுபதில், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால், மணிக்கு மூன்றேகால் லிட்டர் வேண்டும். ஐடிலிங்கில் வேண்டியதைப்போல நான்கைந்து மடங்கு. அதனால்தான் எந்த வர்க்‌ஷாப்பிலும் நின்ற இடத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டாலும் இந்த வியாதி வெளியே வரவில்லை. பழைய பம்ப்பைவிட புது பம்ப் பலமாக உறிஞ்சியதால்தான் ஆக்குளத்தில் நின்ற வண்டி சாக்கையிலேயே நின்றது! புதுசு மாட்டியதும் வியாதி மோசமானது என்றால் அது எவ்வளவு பெரிய தடயம். அதை மூன்றாமவர் 'செட்டாகணும் சாரே, குறச்சு ஓடட்டே' என்று துடைத்துவிட்டார்.

பாப்பனங்கோடு கே.எஸ்.ஆர்.டி.சி. பணிமனையில் வேலை பார்த்து ரிட்டயரான ஒரு ஆசான் அப்பாவின் காலை நடைக்கூட்டாளி. அவர் வண்டிக்கடியில் படுத்து, டேங்க்கை ஒட்டி வருகிற ஒரு முழம் ரப்பர் ஹோஸைக் கழற்றினார். வெளியே நல்ல கறுப்பு, ஒரு கீறல் இல்லை. பிளேடால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்தோல் ஊதி, ஒரு பக்கம் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பெட்ரோல் வந்தால் நாக்கு ஒதுங்கி வழிவிடும். வேகமாக இழுத்தால் எழும்பி அடைத்துக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்து மறுபடி விழுந்துவிடும். என் ஆலையில் ஒரு வால்வுக்கு இவ்வளவு திறமை இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அப்படியானால் எத்தனால்தானே காரணம் என்று இரண்டாவது கட்சி இதற்குள் பட்டாசு வாங்கப் போயிருக்கும். பொறுங்கள். அது 27 வருஷத்து ஒரிஜினல் ரப்பர். எத்தனால் இல்லாவிட்டாலும் அதற்குப் போகிற வயசுதான். இ10-ம் இ20-ம் அதைத் தள்ளிவிட்டிருக்கலாம், எனக்கு அந்தச் சந்தேகம் பலமாகவே உண்டு. வயசு எத்தனை பங்கு, எத்தனால் எத்தனை பங்கு என்று ஒரே ஒரு ஹோஸை வைத்துத் தீர்ப்பு எழுத என்னால் முடியாது. ஆனால் காரணம் எதுவானாலும் வைத்தியம் ஹோஸ்தான், காரை விற்பது அல்ல. எத்தனாலைத் தாங்குகிற ஹோஸ் கிள்ளிப்பாலத்தில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் புது கிளிப்போடு மாற்ற ஆன சாமான் செலவு 640 ரூபாய்.

புது கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு 'என்னுடையதில் கம்ப்யூட்டர் இருக்கிறதே' என்று சிரிக்க வேண்டாம். ஸ்கேனர் சொருகினால் பி0171 என்று வரும், 'கலவை மெலிந்திருக்கிறது' என்று அர்த்தம். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள், ஏனென்றால் மெலிவைச் சொன்னது அந்த சென்சார். தகவல் கொண்டுவந்த தபால்காரனை அடிக்கிற நியாயம். காற்றுக் குழாயில் ஒழுகலா, பம்ப்பில் அழுத்தம் இருக்கிறதா என்று எவன் பார்க்கிறான்? சூடானால் செத்து ஆறினால் பிழைக்கிற கிராங்க் சென்சாருக்கும் இதே கதைதான், பல சமயம் கோடுகூட வராது. அப்போது முழு பம்ப் அசெம்பிளி, அப்புறம் ஈ.சி.எம். அங்கே 'மாத்திப் பாப்போம்' என்பதன் விலை ஐந்து இலக்கம்.

இவ்வளவு திட்டினேனே, என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி இரண்டாவது முறை நின்றபோது நான் அப்பாவிடம் சொன்னது என்ன? "அப்பா, வித்துருங்க. நான் புதுசா ஒண்ணு வாங்கித் தாரேன்." இதுவும் அதே வியாதிதான். அவர்கள் காயிலை மாற்றிப் பார்த்தார்கள், நான் காரையே மாற்றிப் பார்க்கச் சொன்னேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. ஊரில் எது கோளாறு என்றாலும் உட்கார்ந்து கேட்க நேரம் இல்லை, காசு இருக்கிறது. புது கார் வந்தால் அப்பா அதை ஓட்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று தெரியாது, அகலம் பிடிபடாது, கீறினால் என் காசு என்று பயப்படுவார். மூன்று மாதத்தில் வண்டி ஷெட்டுக்குள், அப்பா வீட்டுக்குள். அம்மாவை சாலைக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போவது, நினைத்தபோது பேத்தியைப் பார்க்கப் போவது எல்லாம் ஆட்டோக்காரர் தயவில். நான் அனுப்பியிருக்கக்கூடிய காசு அப்பாவிடமிருந்து அதைத்தான் பிடுங்கியிருக்கும்.

அரசாங்கங்களும் இந்தப் பிள்ளைகளைப்போலத்தான் யோசிக்கின்றன. தில்லியில் 2025 ஜூலை 1 முதல் வயசான வண்டிக்குப் பெட்ரோல் கிடையாது என்றார்கள், சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். இருபது வயசு தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. கேரளா தன் பங்குக்கு 2025 பட்ஜெட்டில் பதினைந்து வயசு தாண்டிய தனியார் வண்டிகளின் வரியில் 50 சதவீதம் ஏற்றியது. பழைய வண்டி அதிகம் புகை விடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் புகையை அளந்து வரி போடு, பிரேக்கைப் பார்த்து சான்றிதழ் கொடு. பிறந்த தேதியை மட்டும் பார்ப்பது, பானெட்டைத் தூக்காமல் விற்றுவிடு என்கிற அதே நான்காமவர் வேலை.

கடைசியாக, அப்பா. ஆசான் ஒரு மணி நேரம் மண்ணில் படுத்து ஹோஸ்களை மாற்றிவிட்டு, கூலி 800 ரூபாய் என்றார். அப்பா எனக்கு போன் பண்ணினார்.

"மக்கா, சாமான் அறுநூத்தி நாப்பது ரூவா. அதுக்கு எண்ணூறு ரூவா கூலி கேக்காருலே. வெறும் டியூபு தான மாத்துனாரு."

காயிலுக்கும் பம்ப்புக்கும் பேசாமல் எடுத்துக் கொடுத்த மனுஷர். ஒரு பெரிய சாமான் பெட்டியோடு வந்தால் ஆயிரக்கணக்கில் கொடுப்போம், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டோம். பிறகு அவர்கள் ஏன் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நாலு சாமானை மாற்றினால் நாலு முறை கமிஷன், நாலு முறை கூலி. முதல் முறையே கண்டுபிடித்துவிட்டால் 'வெறும் டியூபு'. மெக்கானிக்கை அப்படி வளர்த்துவிட்டதில் என் அப்பாவுக்கும், உங்கள் அப்பாவுக்கும், 'செக்கிங் சார்ஜா, எதுக்கு?' என்று சர்வீஸ் சென்டரில் சண்டை போடுகிற நமக்கும் பங்கு இருக்கிறது.

"அப்பா, டியூபுக்கு இல்ல. கண்டுபிடிச்சதுக்கு. ஆயிரமா குடுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அம்மாதான் போனை வாங்கி, "குடுத்தாச்சுப்பா, ஆயிரம்" என்றாள்.

2025 ஓணத்துக்கு இரண்டு பேரும் தங்கச்சி வீட்டுக்குப் போனார்கள். ஆக்குளம் பாலம் தாண்டியதும் அம்மா ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். பிளந்த ஹோஸை அப்பா தூக்கிப் போடவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு கார் ஷெட்டில் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டி, தானே கண்டுபிடித்ததாகச் சொல்கிறாராம்.